மும்முனை

மூன்று மாதமாகப் போன் எடுக்காதவள்
கொரியரில் ஒரு பென்டிரைவ் அனுப்பியிருந்தாள்.
ஒட்டிய தாளில் ஒரே வரி:
'இதில் ட்ரம்ஸ் இல்லை. கோபப்படாமல் கேள்.'
கோபத்தை நேரில் போய்ப் படலாமென்று
ராத்திரி ரயிலில் ஏறினேன்.

மண்டபத்தில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
வாடகை நாலாயிரம், கரண்டுக்குத் தனி.
பதினோரு வருஷம் எங்கள் 'ஊளை'க்கு முன்னால் நின்று
மைக் ஸ்டாண்டை எட்டி உதைத்த பிலோமி
வயர்களுக்கு நடுவே சம்மணம் போட்டு
நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.
"தொண்டைக்கு என்னாச்சு?"
"தொண்டைக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு.
எனக்குத்தான் அலுத்துப்போச்சு."

ஹெட்போனை மாட்டிவிட்டாள்.
"கிழக்கே பார்த்து உட்காரு,
திரும்பினா எல்லாம் தப்பாயிரும்."
இடக்காதில் பெண்கடல். சின்னதாய், நாக்கால் நக்குகிற மாதிரி.
வலக்காதில் ஆண்கடல்.
இரண்டும் எட்டாத நடுமண்டையில்
ஏதோ உறுமத் தொடங்கியது.
கீழ்த்தளத்துக் கம்ப்ரஸர்.
அதைப் பிடித்து, இழுத்து, பொடித்து,
கச்சான் காற்றில் காயப்போட்டது போல
அறை முழுக்க விரித்திருந்தாள்.
பிறகு தொம்.
பலகைச் சரிவில் வழுக்கி வந்து
லாரியின் இரும்பில் மோதும் ஐஸ் பார்.
தொம். தொம்.
என் இடத்தில் ஐம்பது கிலோ ஐஸ்!
ஒத்திகைக்குத் தாமதமாக வராது,
பங்குப் பணம் கேட்காது,
உருகும், அவ்வளவுதான் அதன் குறை.

எட்டு டிராக்கில் ஒரு சொல் கிடையாது.
ஆறாவதில் மட்டும் ஒரு மூச்சு.
அவளுடையதா வால்வுடையதா, கேட்கவில்லை.
ஆனால் சொல்லத்தான் வேண்டும்,
தொம்முக்கும் தொம்முக்கும் நடுவே
ஒரு 'டிக்' இருந்தது.
மயிரிழை பின்தங்கி விழுகிற டிக்.
அந்தப் பின்தங்கலுக்காகத்தான்
ஊர் ஊராக மேடைக்குப் பின்னால் நான் திட்டு வாங்கினேன்.
என் கால் தானாக ஆடியது. அவள் பார்த்தாள்.
நண்டுக்காலைக் கடித்துக்கொண்டாள்.

இது தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கரையில், ஐஸுக்கு ஆளில்லை.
கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தின் உச்சந்தலை மேலேயே
உட்கார்ந்திருந்தேன்,
கட்டிடத்தில் ஈ பறக்கிற ஒலிகூட இல்லை.

தண்ணீர்க் கேனோடு ஏறிவந்தான் நம்புக்குமார்,
கீழே மெஷின் பார்ப்பவன்.
ஸ்பீக்கரில் போட்டாள்.
ஆடவில்லை அவன். ஆகா என்று சொல்லவுமில்லை.
தலையைச் சாய்த்தான்.
"மறுபடி போடுங்கக்கா."
போட்டாள்.
"அந்த டிக்குங்குது பாருங்க, அது பேரிங்கு.
ரெண்டாவது மெஷினு.
முன்னால நிக்கிறப்ப எங்களுக்குக் காதுல விழல.
நல்லவேளை நீங்க புடிச்சு வச்சீக."

மத்தியானத்துக்குள் கழற்றிவிட்டான்.
பனியன் துணியால் துடைத்துக் காட்டினான்.
ஒரு குண்டில் எள்ளளவு பள்ளம்.
அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறித்தான்
நாற்பத்து மூன்று நிமிஷமும் நடந்திருக்கிறது.
"புதுசு ராம்நாட்ல கிடைக்கும்,
சீசன் தொறந்ததும் வெண்ணெயா ஓடும்."

மாட்டாதே என்று பிலோமி சொல்வாள் என நினைத்தேன்.
சொல்லவில்லை.
பஸ்ஸுக்கும் பேரிங்குக்கும் காசு எண்ணிக் கொடுத்தாள்.

ஆல்பத்தின் பெயர் 'மும்முனை'.
மும்முனை வந்தால்தான் கீழே மெஷின் ஓடும்,
அவள் லேப்டாப்புக்கு ஒருமுனை போதும்
என்று விளக்கினாள்.
அடுத்ததற்கு வாலிநோக்கம் உப்பளத்தில்
மோட்டார் கொட்டகை பார்த்திருக்கிறாளாம்.
ட்ரம்ஸ் உண்டா என்று நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் கரண்ட் போனது.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கேட்டது கடல்,
எது எந்தக் காது என்று பிரிக்க முடியாமல்.
தட்டில் ஒரு நண்டு மீதமிருந்தது.
இருட்டில் தடவி எடுத்தேன்.
ஓட்டை உடைக்க விரல் முட்டியால் தட்டியபோது
"மெதுவா," என்றாள் பிலோமி,
"ரெக்கார்டர் பேட்டரியில ஓடுது."